கதவு எண் இல்லாத வீடு

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஆம் ஆண்டு ஜூலை 1 ஆம் தேதி சென்னை இராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து நின்ற இடம், ஆற்காட்டுக்கு அணித்தான வாலாஜா ரோடு நிலையம். அந்தத் தண்டவாளமும் அதை ஒட்டி ஓடும் நெடுஞ்சாலையுமே வாலாஜா, ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றைத் தழுவி நீளும் தோல் பிரதேசத்தை வெளியுலகச் சந்தையோடு பிணைத்தன. பதனிட்ட தோலும், பிற்காலத்தில் தைத்து முடித்த பாதரட்சைகளும் தடையின்றி வெளியே போனால் ஊர் பிழைக்கும் என்ற எண்ணம் இங்கே தலைமுறை தலைமுறையாக ஊறிப்போயிருக்கிறது. இன்று அதே பள்ளத்தாக்கின் வழியே கண்ணாடி இழைக் கம்பிகள் வீட்டு மாடிவரை வந்துவிட்டன. ஆயினும் வீட்டிலிருந்து வெளியே போவதற்கு வழி இருப்பது வேறு, வெளியிலிருந்து ஒருவர் நம் வாசலைத் தேடி வர முடிவது வேறு என்பதை, கணினியில் கார்ப் பந்தயம் ஓட்டும் இளைஞன் ஒருவன் சொந்தமாக ஒரு சர்வர் நடத்த முற்படும் நாளில்தான் முதன்முதலாக உணர்கிறான்.

பந்தயம் இப்பகுதிக்கு அந்நியமான விஷயமன்று. ஆம்பூரிலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் கடக்கும் அதே 48 ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஓரத்தில்தான், ஸ்ரீபெரும்புதூருக்கு அருகில், இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் 1990 முதல் இருக்கிறது. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005 இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய வீதிகளிலேயே இரவுப் பந்தயம் நடந்தது. ஆனால் மெய்யான பந்தயக் கார் என்பது செல்வந்தர் வீட்டுப் பிள்ளைக்கும் எளிதில் எட்டாத வஸ்து. ஷூ கம்பெனியில் மாதச் சம்பளம் வாங்கும் ஒருவன் அந்த அனுபவத்தின் நிழலையாவது தொட வேண்டுமானால், மேஜையில் பூட்டிய ஒரு ஸ்டியரிங்கும் நடுத்தரக் கணினி ஒன்றுமே அவனுக்குச் சாத்தியமான மார்க்கம். அதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவதற்கு எனக்கு மனம் வரவில்லை. தனியே ஓட்டுவதில் சலிப்புத் தட்டியவன் நண்பர்களைச் சேர்க்கிறான். நண்பர்கள் சேர்ந்ததும் தங்களுக்கென்று ஒரு சர்வர் வேண்டும் என்கிறார்கள். சர்வர் வந்ததும் சுற்று நேரங்களைக் குறித்து வைக்கவும், மோதுகிறவனை எச்சரிக்கவும், முறைகேடாக ஓட்டுகிறவனை வெளியேற்றவும் ஒரு துணை நிரல் தேவைப்படுகிறது. இந்தத் துணை நிரலைச் சர்வரோடு இணைக்கும் இடத்தில்தான் இரவுகள் கழிகின்றன.

ஆம்பூரில் என் உறவினர் வீட்டுப் பிள்ளை ஒருவன் இப்படி மூன்று இரவுகள் கண்விழித்த பிறகு, "மாமா, ரவுட்டர்ல இருக்கிற எல்லா போர்ட்டையும் திறந்து விட்டுட்டேன், அப்பவும் கனெக்ட் ஆக மாட்டேங்குது" என்று என்னிடம் வந்து நின்றான். உட்கார்ந்து பார்த்ததில் அவனுக்கு இரண்டு கோளாறுகள் இருந்தன. ஒன்று, அவனுடைய கணினிக்குள்ளேயே, துணை நிரலின் அமைப்புக் கோப்பில் இரண்டு எண்கள் இடம் மாறியிருந்தன. மற்றொன்று, அவனுடைய வீட்டிற்கு இணைய உலகத்தில் சொந்தமான விலாசமே கிடையாது. முதலாவதை ஐந்து நிமிஷத்தில் திருத்தினோம். இரண்டாவதைத் திருத்த அவனாலும் என்னாலும் ஆகவில்லை. ஆனால் இரண்டுக்கும் வெளியே தெரிந்த அறிகுறி ஒன்றே: இணைப்பு இல்லை. இரண்டு வியாதிகளுக்கு ஒரே காய்ச்சல் வந்தால் வைத்தியன் திகைப்பதுபோல அவன் திகைத்திருந்தான். இணைப்புக் கோளாறு என்ற ஒற்றைப் பெயரின் கீழ் வந்து சேரும் தனித்தனிக் காரணங்களைப் பிரித்துக் காண்பதே இவ்விசாரணையின் பாதி வேலை என்று எனக்கு அன்று பட்டது.

முதலில் துணை நிரல் சர்வரோடு எவ்வாறு பேசுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். எல்லா விளையாட்டுகளிலும் அது ஒரே விதமாக அமைந்திருக்கவில்லை. அமைப்பு வேறுபடுவதற்கேற்பக் கோளாறின் சுபாவமும் வேறுபடுகிறது. இத்தாலியில் ரோம் நகருக்கு அருகில் இயங்கும் கூனோஸ் சிமுலாசியோனி என்ற நிறுவனம் 2014 டிசம்பரில் முழுமையாக வெளியிட்ட அசெட்டோ கோர்சா இன்றும் பலர் விரும்பி ஓட்டும் விளையாட்டு. அதன் சர்வர் வழக்கமாக 9600 என்ற போர்ட்டை, டி.சி.பி., யு.டி.பி. என்னும் இரு முறைகளிலும், ஓட்டுநர்களுக்காகத் திறந்து வைக்கிறது; விவரங்களைக் கேட்போருக்குச் சொல்ல 8081 என்ற மற்றொரு போர்ட் உண்டு. போர்ட் என்பதை ஒரு பெரிய தோல் மண்டியில் வரிசையாக எண்ணிட்ட வாசல்கள் என்று கொள்ளலாம்: கட்டடத்தின் விலாசம் ஒன்றுதான், ஆனால் இன்ன சரக்கு இன்ன வாசலில்தான் இறங்கும் என்ற நியமம் உண்டு, கணினி ஒன்றில் அத்தகைய வாசல்கள் 65,535 வரை எண்ணிடப்பட்டுள்ளன.

துணை நிரலுக்கென்று இவ்விளையாட்டின் சர்வரில் தனியாக இரண்டு அமைப்புகள் இருக்கின்றன. துணை நிரல் இடும் கட்டளைகளைச் சர்வர் காதுகொடுத்துக் கேட்கும் போர்ட் ஒன்று. கார் வந்தது, சுற்று முடிந்தது, மோதல் நிகழ்ந்தது என்ற செய்திகளைச் சர்வர் எடுத்துச் சென்று ஒப்படைக்க வேண்டிய விலாசம் மற்றொன்று. உதாரணமாகச் சர்வர் 11000 இல் கேட்டு, 127.0.0.1 என்ற விலாசத்தின் 12000 இல் செய்தியைப் போடுகிறது என்றால், துணை நிரல் 12000 இல் கேட்டு 11000 இல் போட வேண்டும். ஒருவன் வலக்கையை நீட்டினால் எதிரே நிற்பவனுக்கு அது இடப்புறமாகத் தெரிவதைப் போல, இங்கே ஒரு கோப்பில் உள்ள எண்களை மற்றொரு கோப்பில் தலைகீழாக எழுத வேண்டியிருக்கிறது. அதை அறியாமல் இரண்டிலும் அதே வரிசையில் எழுதிவிட்டால், இருவரும் ஒரே வாசலில் காத்துக்கொண்டு ஒருவரையொருவர் காணாமல் நிற்பார்கள். ஆம்பூர்ப் பிள்ளையின் முதல் கோளாறு இதுவே. அன்றியும் இம்முறை யு.டி.பி. வகையைச் சேர்ந்ததாகையால், அனுப்பிய செய்தி போய்ச் சேராவிட்டாலும் அனுப்பியவனுக்குப் பெரும்பாலும் அது தெரிவதில்லை. பிழைச் செய்தியும் எழுவதில்லை. பதிவேடு சுத்தமாக இருக்கிறதே என்று நம்பி ஏமாறுவோர் பலர்.

இதிலேயே மற்றொரு நுட்பமும் உண்டு. சர்வர் தன் செய்திகளை ஒரே ஒரு விலாசத்திற்குத்தான் அனுப்பும். ஆகவே சுற்று நேரங்களைக் குறிக்க ஒரு துணை நிரலும், ஒழுங்கைக் கண்காணிக்க இன்னொன்றும் வேண்டுமென்றால், இரண்டையும் நேராகச் சர்வரோடு பூட்ட முடியாது. முதலாவது தனக்கு வந்த செய்தியை இரண்டாவதற்குக் கைமாற்றித் தரும்படி சங்கிலியாகக் கோக்க வேண்டும். எஸ்-டிராக்கர் போன்ற நிரல்களில் இதற்கென்றே இடைத்தரகு போர்ட்டுகள் வைத்திருக்கிறார்கள். இரண்டாவது துணை நிரலைச் சேர்த்தவுடன் முதலாவது மௌனமாகிவிட்டது என்று ஒருவர் முறையிட்டால், வேறெதையும் பார்ப்பதற்கு முன் இந்தச் சங்கிலியைப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

மூன்றே பேர் சேர்ந்து உருவாக்கி 2002 இல் வெளிக்கொணர்ந்த லைவ் ஃபார் ஸ்பீட் இதற்கு மாறான வழியில் செல்கிறது. அதில் துணை நிரல்களுக்கான வாசலுக்கு இன்சிம் என்று பெயர். வழக்கமாக 29999 என்ற போர்ட்டில் திறப்பார்கள். துணை நிரல் தானே சென்று கதவைத் தட்டி, நிர்வாகியின் கடவுச்சொல்லையும் தான் பேசும் பதிப்பின் எண்ணையும் முதல் பொட்டலத்திலேயே சொல்ல வேண்டும். ஒரே சமயத்தில் எட்டு நிரல்கள் வரை இணையலாம். இங்கே விசேஷமாகக் கவனிக்கத்தக்க அறிகுறி ஒன்று உண்டு. இணைப்பு ஏற்பட்டு, சகலமும் செவ்வையாக நடந்து, ஒரு நிமிஷத்துக்குச் சற்று மேல் ஆனதும் திடீரென்று அறுந்துபோகிறது. மறுபடி இணைத்தாலும் அதே கால அளவில் அறுகிறது. இதைக் கண்டவர்கள் இணையக் கம்பியைத் திட்டுவார்கள். கேபிள்காரரை அழைத்துக் கோபிப்பார்கள். காரணம் அங்கே இல்லை. சர்வர் 30 வினாடிக்கு ஒருமுறை, உயிரோடிருக்கிறாயா என்று கேட்பதுபோல ஒரு வெற்றுப் பொட்டலத்தை அனுப்புகிறது. அதற்கு விடையாகவோ வேறு விதமாகவோ 70 வினாடிகளுக்குள் துணை நிரலிடமிருந்து ஒன்றுமே வராவிட்டால் கதவைச் சாத்திவிடுகிறது. கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாத துணை நிரலை எழுதியவர்தான் திருத்த வேண்டும். கம்பியை மாற்றிப் பயனில்லை. கடிகாரம் காட்டுவதுபோல ஒரே கால அளவில் நிகழும் துண்டிப்பு, ஏதோ ஒரு நியமத்தின் விளைவு என்றும், காலம் தவறித் தவறி நிகழ்வது கம்பியின் அல்லது காற்றலையின் பலவீனம் என்றும் கொள்வது பெரும்பாலும் பொருந்தும்.

பிரான்ஸின் நாடியோ நிறுவனம் செய்த டிராக்மேனியா மூன்றாவது வகை. 2006 இல் இலவசமாக வந்த அதன் நேஷன்ஸ் பதிப்பும் 2008 இல் வந்த அதன் தொடர்ச்சியும், எளிய கணினியில்கூட ஓடியமையால் உலகமெங்கும் பரவின. ஓட்டுநர்கள் 2350 என்ற போர்ட்டில் நுழைய, துணை நிரல் 5000 இல் சர்வரைப் பிடிக்கிறது. பிடித்தவுடன் சர்வர் தன் மொழியின் பெயரை, ஜிபிஎக்ஸ்-ரிமோட் 2 என்று, முகமன்போல அறிவிக்கிறது. இது வாய்ப்பான ஏற்பாடு: அந்த முகமன் வந்துவிட்டால் வழி சரி, இனிப் பிழை கடவுச்சொல்லிலோ அதற்கு அப்பாலோதான் என்று உடனே தீர்மானிக்கலாம். எக்ஸ்-அசெக்கோ என்ற பிரபலமான துணை நிரல் இதன் மேல் அமர்ந்து, தன் கணக்குகளையெல்லாம் மைஎஸ்க்யூஎல் தரவுக் களஞ்சியத்தில் எழுதுகிறது. ஆகவே அங்கே இணைப்புகள் இரண்டாகின்றன: சர்வரோடு ஒன்று, களஞ்சியத்தோடு ஒன்று. அந்த நிரல் எழுதப்பட்டிருக்கும் மொழியான பி.எச்.பி.யின், 2015 டிசம்பரில் வந்த ஏழாம் பதிப்பு, பழைய களஞ்சியக் கட்டளைகளை அடியோடு நீக்கிவிட்டபடியால், புதிய கணினியில் பழைய எக்ஸ்-அசெக்கோவை நிறுவியவர்களுக்கு இரண்டாவது இணைப்பு நிகழவே இல்லை. விலாசம், எண், கடவுச்சொல் மூன்றும் சரியாக இருந்தும் கதவு திறக்காத இந்த நிலைமையில், குற்றம் நிரலின் வயதில் இருக்கிறது.

இவ்வேறுபாடுகளையெல்லாம் தொகுத்துப் பார்க்கும்போது, பரிசோதனையை எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு எனக்கு ஒரே விடைதான் தோன்றுகிறது: உள்ளிருந்து வெளியே போக வேண்டும். ஆனால் நடைமுறையில் அனேகர் ரவுட்டரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். போர்ட்டைத் திற என்ற அறிவுரை அவ்வளவு பிரசித்தம். துணை நிரலும் சர்வரும் ஒரே கணினியில் இருக்கும்போது அவற்றின் பேச்சு ரவுட்டரை எட்டுவதே இல்லை. 127.0.0.1 என்ற விலாசம் எந்தக் கணினிக்கும் தன்னையே குறிக்கும் விலாசம். அதற்கு அனுப்பியது கூரையைத் தாண்டாது. ஆகவே ரவுட்டரில் 12000 ஐயோ 5000 ஐயோ திறப்பதால் கோளாறு தீராது. தீராதது மட்டுமா, ஆபத்தும் சேர்கிறது. டிராக்மேனியா சர்வரின் அமைப்புக் கோப்பில் சூப்பர்-அட்மின் என்ற உயர் அதிகாரிக்கு ஆதியில் இடப்பட்டிருக்கும் கடவுச்சொல்லும் அவன் பெயரேதான். அதை மாற்றாமல், வெளியிலிருந்து கட்டளை ஏற்கவும் அனுமதித்து, ரவுட்டரிலும் அந்த வாசலைத் திறந்து வைப்பவர், வீட்டுச் சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டுத் தூங்குகிறவருக்குச் சமம். எல்லாப் போர்ட்டுகளையும் ஒருங்கே திறந்து பார், வேலை செய்தால் பிறகு மூடிக்கொள்ளலாம் என்று சொல்லும் நண்பர்களை நான் கடுமையாகவே மறுப்பேன். பிறகு மூடியவரை நான் கண்டதில்லை.

உள்ளிருந்து தொடங்குவது என்றால், சர்வர் உண்மையில் ஓடுகிறதா என்பது முதல் கேள்வி. அது அற்பமான கேள்வியாகத் தோன்றும். ஆனால் முந்தின நாள் சரியாக மூடப்படாத பழைய பிரதி ஒன்று மறைவில் ஓடிக்கொண்டு அதே போர்ட்டைப் பிடித்திருக்க, புதிய பிரதி இடமின்றி விழுந்துவிடுவது சர்வசாதாரணம். எந்த நிரல் எந்தப் போர்ட்டைப் பிடித்திருக்கிறது என்று காட்டும் நெட்ஸ்டாட் கட்டளை விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் உண்டு. ஊகம் செய்வதற்கு முன் அதை ஒருமுறை ஓட்டிப் பார்த்தல் நலம். அடுத்தது வரிசை: சர்வர் எழுந்து வாசலைத் திறப்பதற்குள் துணை நிரல் வந்து தட்டினால், பல நிரல்கள் மறுமுறை முயலாமலே மடிந்துவிடும். மின்வாரியம் மாதப் பராமரிப்புக்காக நிறுத்திய மின்சாரம் திரும்ப வந்ததும் கணினி தானே எழுந்து இரண்டையும் ஒருசேரத் தொடங்கும் வீடுகளில் இதுவே நோய். அரை நிமிஷம் தாமதித்துத் துணை நிரலைத் தொடங்கச் செய்வதே மருந்து.

அதே மின்தடை வேறொரு விதத்திலும் உபத்திரவம் செய்கிறது. ரவுட்டர் மறுபடி எழும்போது வீட்டுக் கணினிகளுக்குப் புதிதாக எண்களைப் பங்கிடக்கூடும். நேற்று 192.168.1.5 ஆக இருந்த சர்வர் இன்று 192.168.1.8 ஆகிவிட்டால், ரவுட்டரில் எழுதி வைத்த வழிகாட்டல் இப்போது யாரோ ஒருவருடைய கைபேசியைச் சுட்டிக்கொண்டிருக்கும். நேற்றுவரை வேலை செய்தது, நான் எதையும் தொடவில்லை என்று சத்தியம் செய்கிறவர் பொய் சொல்லவில்லை. ரவுட்டரிலேயே அந்தக் கணினிக்கு ஒரு நிலையான உள் எண்ணை ஒதுக்கி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடுகிறது.

விண்டோஸின் ஃபயர்வால் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. எக்ஸ்.பி.யின் இரண்டாம் திருத்தம் வந்த 2004 முதல் அது தானாகவே இயங்கும் நிலையில் வருகிறது. முதல் முறை கேட்கும் அனுமதிக் கேள்வியைப் படிக்காமல் மறுத்துவிட்டால், அந்த மறுப்பு நிலைத்துவிடும்.

இனி வாசலுக்கு வெளியே வருவோம். நண்பர்களின் கார்கள் சர்வருக்குள் நுழைய முடியவில்லை என்றால் ரவுட்டரின் முறை வந்துவிட்டது என்று அர்த்தம். இங்கே சோதனைக் கருவிகளே மனிதரை ஏமாற்றும் சந்தர்ப்பங்கள் இரண்டைச் சொல்லியாக வேண்டும். போர்ட் திறந்திருக்கிறதா என்று சோதித்துச் சொல்லும் இணையப் பக்கங்களில் பெரும்பாலானவை டி.சி.பி. முறையிலேயே தட்டிப் பார்க்கின்றன. டி.சி.பி.யில் தட்டினால் பதில் வந்தாக வேண்டும். 1980 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் மூன்றே பக்கங்களில் வரையறுத்த யு.டி.பி.யிலோ, தட்டியவனுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை எவருக்கும் கிடையாது. விளையாட்டின் அதிவேகச் செய்திகள் போவது யு.டி.பி.யில். ஆகவே அந்தப் பக்கம் மூடியிருக்கிறது என்று சொன்னாலும் திறந்திருக்கலாம். திறந்திருக்கிறது என்று சொன்னாலும் யு.டி.பி. வழி அடைபட்டிருக்கலாம். இரண்டாவது ஏமாற்றம், வீட்டுக்குள்ளிருந்தே தன் வெளி விலாசத்தை அடித்துச் சோதிப்பது. வெளியே போய் அதே வாசல் வழியாகத் திரும்பி உள்ளே வரும் பயணத்தைப் பல ரவுட்டர்கள் அனுமதிப்பதில்லை. எனவே தனக்குத் தெரியாத சர்வர் வாணியம்பாடி நண்பனுக்கு நன்றாகவே தெரியும். கைபேசியின் வைஃபையை அணைத்து, அதன் சொந்த இணையத்தின் வழியே சோதிப்பதே நம்பத்தக்க உபாயம்.

இவை யாவும் சரியாக இருந்தும் வெளியிலிருந்து எவரும் வர முடியவில்லை என்றால், நாம் ஆம்பூர்ப் பிள்ளையின் இரண்டாவது கோளாற்றுக்கு வந்து சேர்கிறோம். இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே.

இணையத்தின் நான்காம் பதிப்பு விலாசங்கள் மொத்தம் சுமார் 429 கோடி. உலகம் முழுமைக்கும் அவ்வளவுதான். 2011 மக்கள் கணக்கின்படி இந்தியாவில் மட்டும் 121 கோடி பேர் இருந்தார்கள். அந்த ஆண்டு பிப்ரவரி 3 ஆம் தேதி உலகப் பொதுக் களஞ்சியத்தில் இருந்த கடைசி விலாசத் தொகுதிகளும் பங்கிடப்பட்டுவிட்டன. இரண்டு மாதங்களில் ஆசியப் பிராந்தியத்தின் தாராளமான கையிருப்பும் தீர்ந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் பழைய கம்பெனிகளும் லட்சக்கணக்கில் விலாசங்களை முன்பே பெற்று வைத்திருக்க, பின்னால் வந்த தேசங்களின் சிற்றூர்களுக்கு மிச்சமானது பஞ்சம். இந்தப் பஞ்சத்தைச் சமாளிக்க, 2012 ஏப்ரலில் 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கும் ஏறக்குறைய 42 லட்சம் எண்கள் ஒரு விசேஷ உபயோகத்திற்கென்று ஒதுக்கப்பட்டன. இணையம் தரும் கம்பெனி தன் வாடிக்கையாளர்களுக்கு இந்த உள் எண்களைக் கொடுத்துவிட்டு, வெளியுலகுக்கு ஒரே விலாசத்தின் பின்னே பல வீடுகளை நிறுத்திவிடுகிறது.

இந்த ஏற்பாட்டைத் தோல் பிரதேசத்து மனிதருக்கு விளக்குவது கடினமில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தோல் ஷாப்புகளின் கழிவு நீர் குறித்து 1991 இல் தொடுத்து, 1996 ஆகஸ்ட் 28 ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கை இங்கே அறியாதவர் இல்லை. தனித்தனியே சுத்திகரிப்பு நிலையம் அமைக்க இயலாத சிறு தோல் ஷாப்புகள், கழிவு நீரைக் குழாய் வழியே ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திற்கு அனுப்புகின்றன. நிலையத்தின் வெளி மதகில் நிற்பவன் காண்பது ஒரே நீர். அதில் எந்த ஷாப்பின் நீர் எவ்வளவு என்று அவனால் பிரித்துச் சொல்ல முடியாது. மதகின் வழியே ஒரு குடம் தண்ணீரைத் திருப்பி ஊற்றி இன்ன ஷாப்பிற்குப் போய்ச் சேர் என்று சொல்லவும் முடியாது. பொது விலாசத்தின் பின்னே நிற்கும் வீடும் அத்தகையது. உள்ளிருந்து ஒருவன் வெளியே பேசத் தொடங்கினால், அவன் பேசிய நினைவு இருக்கும் வரையில் பதில் திரும்பி வரும். தானாக வெளியிலிருந்து வந்து ஒருவர் அழைத்தால், எந்த வீட்டிற்கு என்று பொது வாசலுக்குத் தெரியாது. ரவுட்டரில் எத்தனை போர்ட்டைத் திறந்தாலும் என்ன? அடைபட்டிருக்கும் கதவு நம்முடையதன்று.

இதைக் கண்டறிவது சுலபம். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வெளிப்புற விலாசம் என்று காட்டப்படும் எண்ணையும், வெளியில் உள்ள ஓர் இணையப் பக்கம் நம்முடைய விலாசம் என்று சொல்லும் எண்ணையும் ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒன்றானால் வீட்டிற்குக் கதவு எண் உண்டு. வேறுபட்டு, ரவுட்டரில் உள்ளது 100.64 முதல் 100.127 வரையிலோ, 10 என்றோ தொடங்கினால், அனேகமாகக் கம்பெனியின் பொது வாசலுக்குப் பின்னே நிற்கிறோம். 192.168 என்று தொடங்கினால், ஆம்பூரின் பல வீடுகளில் உள்ளதுபோல, கேபிள்காரர் வைத்த பெட்டிக்குப் பின்னால் நாமே வாங்கிய மற்றொரு ரவுட்டரை மாட்டியிருக்கிறோம் என்று பொருள். அப்போது இரண்டு பெட்டிகளிலும் வழி திறக்க வேண்டும், அல்லது ஒன்றை வெறும் பாலமாக மாற்ற வேண்டும். இந்த ஒப்பீட்டுக்கு ஒரு நிமிஷம் போதும். அதைச் செய்யாமையால் மூன்று இரவுகளை இழந்தவனை நான் அறிவேன். அமைப்புகளைப் பற்றிய எல்லா வழிகாட்டிகளிலும் இது முதல் வரியாக இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

பரிகாரங்கள் நான்கு உண்டு. அவை சமமானவை அல்ல. கம்பெனியிடம் மாதக் கட்டணம் செலுத்தி நிலையான விலாசம் ஒன்றைப் பெறுவது நேரான வழி. ஆனால் அது எல்லா ஊரிலும் எல்லாத் திட்டத்திலும் கிடைப்பதில்லை. ஆறாம் பதிப்பு விலாசம் நியாயமான வழி. வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் தனி விலாசம் தரும் அளவுக்கு அதில் எண்கள் உண்டு. ஆயினும் நாம் பேசும் பந்தய விளையாட்டுகள் நான்காம் பதிப்பின் காலத்தில் பிறந்தவை. விளையாட்டு புதிய விலாசத்தை அறியாதபோது வீட்டிற்கு அது கிடைத்தும் பிரயோஜனமில்லை. மூன்றாவது, நண்பர்கள் எல்லோருடைய கணினிகளையும் ஒரு கற்பித வலைக்குள் சேர்த்து, ஒரே வீட்டில் இருப்பதுபோல் ஆக்கிக்கொள்வது. நாலைந்து பேருக்கு அது உகந்தது, அயலார் வந்து சேர வேண்டுமென்றால் ஒவ்வொருவரும் அந்த நிரலை நிறுவியாக வேண்டும்.

நான்காவது வழி, சர்வரையே வீட்டிலிருந்து எடுத்துச் சென்று வாடகைக் கணினி ஒன்றில் வைப்பது. வேலூர்ப் பகுதிக்கு இதில் ஓர் அதிர்ஷ்டம் உண்டு: மைக்ரோசாஃப்ட் 2015 இல் இந்தியாவில் திறந்த மூன்று தரவு மையப் பிராந்தியங்களில் ஒன்று சென்னை; அமேசான் 2016 இல் மும்பையில் தொடங்கியது. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. ஆம்பூரிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் சென்னைக்கு ஒரு மில்லி வினாடிக்கு மேல் ஆகக் கூடாது, மும்பைக்கு ஐந்தாறு. நடைமுறையில் கம்பி நேராகப் போகாததாலும், ஒரு கம்பெனியின் சரக்கு மற்றொரு கம்பெனிக்குக் கைமாறும் இடங்கள் தொலைவில் இருப்பதாலும் அது பன்மடங்காகிறது. ஆயினும் பயப்பட வேண்டியதில்லை. அசெட்டோ கோர்சாவில் ஒரு காரின் நிலை வினாடிக்கு 18 முறை அனுப்பப்படும் அமைப்பில், இரண்டு செய்திகளுக்கு இடையே ஏறக்குறைய 55 மில்லி வினாடிகள் உள்ளன. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் அதற்குள் மூன்று மீட்டர் நகர்ந்துவிடும். அந்த இடைவெளியை ஊகித்து நிரப்பத்தான் விளையாட்டு பழகியிருக்கிறது. சராசரித் தாமதம் சற்று அதிகமாயினும் அது ஒரே சீராக இருந்தால் பந்தயம் ஓடும். ஒரு கணம் 20, மறுகணம் 300 என்று தாமதம் குதித்தால்தான் கார்கள் வானத்தில் தாவும். அவ்விதக் குதிப்புக்கு, சர்வர் இருக்கும் தூரத்தைவிட, வீட்டில் சுவருக்கு அப்பால் இருக்கும் வைஃபையே அதிகம் காரணமாகிறது. கம்பி மாட்டி ஓட்டிப் பார்த்த பிறகே தொலைவைக் குறை சொல்லலாம்.

வாடகைக் கணினிக்குப் போன பிறகும் துணை நிரலின் கேள்வி திரும்ப ஒருமுறை எழுகிறது. இம்முறை அதன் விடை விளையாட்டைப் பொறுத்து மாறுகிறது. சிலர் சர்வரைச் சென்னையில் வைத்துவிட்டு, துணை நிரலையும் அதன் பதிவுகளையும் தம் வீட்டுக் கணினியிலேயே வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள். டிராக்மேனியாவிலும் லைவ் ஃபார் ஸ்பீடிலும் அது கைகூடும்: துணை நிரல் தானே வெளியே சென்று கதவைத் தட்டுவதால் வீட்டிற்குக் கதவு எண் இல்லாமையும் அதற்குத் தடையாவதில்லை, அந்த வாசலை உலகுக்குத் திறக்காமல், எஸ்.எஸ்.எச். என்ற பாதுகாப்பான சுரங்கம் ஒன்றின் வழியே டி.சி.பி. இணைப்பாகக் கொண்டுபோகலாம். அசெட்டோ கோர்சாவில் அது நடக்காது. அதன் சர்வர்தான் துணை நிரலைத் தேடிச் செய்தி கொண்டுவர வேண்டும். சாதாரணச் சுரங்கம் யு.டி.பி.யைச் சுமப்பதில்லை; வீட்டிற்கோ விலாசமில்லை. அங்கே துணை நிரலையும் சர்வரோடு அதே வாடகைக் கணினியில் குடிவைத்து, 127.0.0.1 என்று எழுதி, 11000 ஐயும் 12000 ஐயும் எதிரெதிராகப் பூட்டிவிட வேண்டும். ஆம்பூர்ப் பிள்ளை அப்படித்தான் செய்திருக்கிறான். சுற்று நேரப் பட்டியலை மட்டும் இரவு தோறும் வீட்டுக் கணினிக்கு இறக்கிக்கொள்கிறான்.